கழிமுகத்தில் யுரேனியம்: கரைவதும் படிவதும்

கேள்வி: ஆற்று நீரில் கரைந்து வரும் யுரேனியம், கழிமுகத்தில் உப்பு நீரோடு கலந்ததும் இரும்பைப் போலத் திரண்டு படிந்துவிடுமா, கடலுக்கே போய்ச் சேருமா?

பதில்: பெரும்பகுதி கடலுக்கே போகிறது. ஆக்சிஜன் உள்ள நீரில் யுரேனியம் +6 நிலையில் (ஆறு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனேற்ற நிலையில்), இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு இணைந்த யுரேனைல் அயனியாக இருக்கிறது. கார்பனேட்டும் கால்சியமும் அதனுடன் சேர்ந்து உறுதியான அணைவுகளை (கரைந்தே இருக்கும் கூட்டு அயனிகளை) உண்டாக்குவதால், நீரில் மிதக்கும் துகள்களில் அது எளிதில் ஒட்டுவதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 3.3 மைக்ரோகிராம் யுரேனியம் பல லட்சம் ஆண்டுகள் தங்கியிருப்பதற்கும் இதுவே காரணம். பல கழிமுகங்களில் உப்புத்தன்மையோடு யுரேனியத்தின் அளவும் நேர்கோட்டில் மாறுகிறது; அங்கு நடப்பது வெறும் கலப்புதான்.

எல்லாக் கழிமுகங்களும் அப்படி அல்ல. உப்பு சற்றே ஏறும் இடத்தில் ஆற்றின் இரும்பும் ஹ்யூமிக் பொருள்களும் (மட்கிய தாவரங்களிலிருந்து வரும் கரிமச் சேர்மங்கள்) திரளும்போது, அவற்றைப் பற்றியிருந்த யுரேனியமும் நீரிலிருந்து நீங்கக்கூடும். அமேசான் முகத்துவாரத்தில் இவ்வகை இழப்பு பதிவாகியுள்ளது.

உண்மையான மாற்றம் சேற்றுக்குள் நிகழ்கிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரிமப் பொருள் மிகுந்த வண்டலில் சில மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிட, நுண்ணுயிர்கள் அதற்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட் என ஒவ்வொன்றாகப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. இரும்பு ஒடுக்கப்படும் (எலக்ட்ரான்களைப் பெறும்) ஆழத்தை ஒட்டி யுரேனியமும் +4 நிலைக்கு இறங்குகிறது. அந்த நிலையில் அது மிக அரிதாகவே கரையும். இரும்பை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் யுரேனியத்தை ஒடுக்கியே ஆற்றல் பெற முடியும் என்பதை நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லி குழுவினர் 1991-இல் காட்டினர். துளைநீரில் (வண்டல் துகள்களின் இடைவெளிகளில் உள்ள நீரில்) யுரேனியம் இவ்வாறு குறையக் குறைய, மேலிருக்கும் நீரிலிருந்து அது சேற்றுக்குள் தொடர்ந்து ஊடுருவி வருகிறது.

இந்தப் படிவு நிலையானது என்று எண்ணிவிடக் கூடாது. வளை தோண்டும் புழுக்களும் நண்டுகளும், வேகமான ஓதமும், தூர்வாரலும் ஆக்சிஜனை உள்ளே கொண்டுசென்றால், யுரேனியம் மீண்டும் +6 நிலையை அடைந்து கார்பனேட்டுடன் கரைந்து வெளியேறுகிறது.

சேற்றில் அளக்கப்படும் மொத்த யுரேனியம் முழுவதும் நீரிலிருந்து வந்ததல்ல. சிர்க்கான் போன்ற கனிமங்களுக்குள் அடைபட்டு, பாறைத் துகளாகவே வந்து சேர்ந்த பகுதியும் அதில் அடங்கும். நீரில் எளிதில் கரையாத தோரியத்தோடு ஒப்பிட்டு அந்தப் பகுதியைக் கணித்துக் கழித்த பிறகே, அங்கேயே படிந்தது எவ்வளவு என்று சொல்ல இயலும்.