பயாப்ஸி ரிப்போர்ட்டில் வரும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? புற்றுநோய் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

அம்மாவின் மார்பில் இருந்த கட்டிக்கு பயாப்ஸி (சிறு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தோம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் லேப் வாசல் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். 'கிரேடு 3' என்று இருந்தது. மூன்றாவது ஸ்டேஜ் என்று நானே முடிவு கட்டி, அக்காவுக்கு போன் போட்டு அழுதேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு.

கிரேடு என்பது செல்லின் குணம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இயல்பான செல்லிலிருந்து அது எவ்வளவு மாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று கணக்கிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோயில் மூன்று விஷயங்களுக்குத் தலா 1 முதல் 3 வரை மார்க். கூட்டினால் 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3.

ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. இதற்குத்தான் டி, என், எம் என்ற மூன்று எழுத்துகள். டி கட்டியின் அளவு. என், நிணநீர் முடிச்சுகள் (அக்குளில் நெறி கட்டும் என்போமே, அந்த இடம்). எம், வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பது. ஆபரேஷனுக்குப் பின் அம்மாவின் ரிப்போர்ட்டில் கட்டி 1.8 செ.மீ., முடிச்சுகள் '0/12'. அதாவது எடுத்த பன்னிரண்டில் ஒன்றில்கூட நோய் இல்லை. கிரேடு 3தான், ஆனால் முதல் ஸ்டேஜ்.

அப்புறம் 'பாசிட்டிவ்'. இந்த வார்த்தையைப் பார்த்தும் பயந்தோம். 'இ.ஆர். பாசிட்டிவ்' என்றால், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தச் செல்லில் இருக்கின்றன, அதைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு உண்டு என்று பொருள். 'ஹெர்2' என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது 3+ என்றால் பாசிட்டிவ், அதற்கென்றே மருந்து இருக்கிறது. 2+ என்றால் முடிவு சொல்ல முடியாத நிலை. ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள்.

'மார்ஜின் நெகட்டிவ்' என்றால் வெட்டி எடுத்த பகுதியின் ஓரத்தில் புற்றுச் செல் தெரியவில்லை என்று அர்த்தம்.

'மெட்டாஸ்டாசிஸ்' என்றால் பரவுதல். மார்பிலிருந்து எலும்புக்குப் போனாலும் அது எலும்புப் புற்றுநோய் அல்ல, மார்பகப் புற்றுநோய்தான், சிகிச்சையும் அதற்குரியதே. எங்கள் தெருவில் ஒருவர் மாற்றிச் சொல்லி அம்மாவை மிகவும் கலங்க வைத்துவிட்டார்.

தயவுசெய்து ரிப்போர்ட்டைத் தனியாகப் படித்து முடிவுக்கு வராதீர்கள். புரியாத வார்த்தையைப் பென்சிலால் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். அம்மாவின் டாக்டர் ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் தமிழில் எழுதிக் கொடுத்தார்.