அப்பா ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். கண் பாதி திறந்தபடி, சிவந்து வீங்கியிருக்கிறது. இது சாதாரணம்தானா?

11 வருடமாக ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அடிக்கடி பார்ப்பதுதான், ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. இன்றே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

நாம் இமைக்கும்போதெல்லாம் கண்ணீர் கருவிழி மேல் பரவுகிறது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் ஏறும்போது இமைப்பது நின்றுவிடும், இமையை மூடும் தசையும் தளர்ந்துபோகும். உடம்பில் நீர் கோத்துக்கொள்வதாலும், வென்டிலேட்டர் அழுத்தத்தில் தலையிலிருந்து ரத்தம் இறங்கத் தாமதிப்பதாலும் கண் வீங்கும். வீங்கிவிட்டால் இமை இன்னும் மூடாது. காய்ந்த கருவிழியின் மேல்தோல் ஓரிரு நாளிலேயே உரியத் தொடங்கலாம், கிருமி அந்த வழியாக நுழையும்.

நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கில்லன் பாரி என்ற, நரம்பு பாதித்துத் தசைகள் செயலிழக்கும் நோயோடு ஒரு பெண் இருந்தாள். முழு நினைவு உண்டு. ஆனால் முகத் தசையும் செயலிழந்ததால் இமைக்க முடியவில்லை, டியூப் இருந்ததால் சொல்லவும் முடியவில்லை. படுக்கைப்புண் வரக்கூடாதென்று 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தோம். கண்ணை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு நைட் டியூட்டியில் டார்ச் அடித்தேன். கருவிழியில் வெளிச்சம் பளிச்சென்று ஒரு புள்ளியாக விழ வேண்டும். அங்கே சிதறி மங்கலாக விழுந்தது, நடுவில் அரிசி மணி அளவில் வெள்ளை. அவள் பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனாள். வலது கண்ணில் மட்டும் எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரியும் என்றாள். அந்த வாரம் 3 இரவு அவளைப் பார்த்துக்கொண்டது நான்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு டியூட்டியிலும் முதலில் இமையைத்தான் பார்ப்பேன். முழுசாக மூடியிருந்தால் சுத்தம் செய்தால் போதும். கண்ணின் வெள்ளைப் பகுதி மட்டும் தெரிந்தால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, கண் காயாமலிருக்க ஆயின்ட்மென்ட். கருவிழியே தெரிந்தால் ஆயின்ட்மென்ட் போட்டு, இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும். பிரிட்டனின் கண் மருத்துவர்கள் ராயல் காலேஜ் 2017-ல் கொடுத்த வழிகாட்டுதலும் இமை மூடும் அளவை வைத்துத்தான் பராமரிப்பைச் சொல்கிறது. திறந்த கண் மேல் வெறும் பஞ்சை வைத்தால் அதுவே உரசிப் புண்ணாக்கும். சக்‌ஷன் செய்யும்போது (டியூப் வழியாகச் சளியை உறிஞ்சி எடுக்கும்போது) சளித் துளி கண்ணில் தெறிக்காமல் பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டும், பல இடங்களில் இதை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பார்வை நேரத்தில் வருபவர்கள் நெற்றியில் விபூதி பூசுவார்கள். அந்தத் தூள் இமைக்காத கண்ணுக்குள் விழுந்து அங்கேயே கிடக்கும், நானே துடைத்து எடுத்திருக்கிறேன். பூசத்தான் வேண்டுமென்றால் கையில் பூசுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள்.

"சிஸ்டர், அப்பா கண்ணு முழுசா மூடல, ஆயின்ட்மென்ட் போட்டாச்சா?" என்று தினமும் கேளுங்கள். தொந்தரவென்று நினைக்க மாட்டோம். கருவிழியில் வெள்ளைப் புள்ளியோ, கண்ணில் மஞ்சள் பீளையோ தெரிந்தால், அன்றைக்கே கண் டாக்டரை வரவழைக்கச் சொல்லுங்கள்.