காலியாக இருக்கும் மேசையைக் கேட்டால் ஏன் தர மறுக்கிறார்கள்?

கேள்வி: நான் பெரும்பாலும் தனியாகவே உணவகத்துக்குச் செல்கிறேன். ஜன்னலோர மேசை காலியாக இருந்தாலும், “அது நான்கு பேருக்கானது, இப்படி வாருங்கள்” என்று கழிப்பறைக் கதவை ஒட்டிய சிறு மேசைக்கு அழைத்துப் போகிறார்கள். அண்மையில் பாதி ஹால் காலியாக இருந்தபோதும் இதே பதில்தான். காது மந்தமான என் அப்பாவோடு போகும்போதும் கேட்ட இடம் கிடைப்பதில்லை. பணம் கொடுத்துச் சாப்பிடுகிறவருக்கு மேசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லையா? சண்டை இல்லாமல் கேட்டுப் பெறுவது எப்படி?

பதில்: இந்த மேசையில்தான் உட்காருவேன் என்று வற்புறுத்தும் உரிமை பொதுவாக வாடிக்கையாளருக்கு இல்லை. இடம் உணவகத்துடையது, யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யலாம். ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்க வேண்டும், கேட்டால் அதை மரியாதையாகச் சொல்லவும் வேண்டும். பாதி ஹால் காலியாக இருந்த நேரத்தில் உங்களைக் கழிப்பறைக் கதவருகே உட்கார வைத்ததற்கு எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உணவக ஊழியர்களுக்குப் பயிற்சி தரும்போது நான் மிகக் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

முதலில் அவர்கள் தரப்புக் கணக்கைப் பார்ப்போம். அது தெரிந்தால்தான் எந்த மறுப்பு நியாயமானது, எது சோம்பேறித்தனம் என்று உங்களால் பிரித்தறிய முடியும்.

ஒரு ஹாலில் நான்கு பேர் உட்காரும் மேசைகள் பத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 இருக்கைகள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டால், 20 இருக்கைகள் காலியாக இருக்கும்போதே ‘இடம் இல்லை’ என்று வாசலில் சொல்ல வேண்டி வரும். ஒரே ஆள் உட்கார்ந்தால் இன்னும் மோசம். கூட்டமான இரவு நேரத்தில் உணவகம் ஒருவரை இரண்டு நாற்காலி மேசைக்கு அனுப்புவதன் அடிப்படை இதுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெரில் கைம்ஸ் 1990களின் பிற்பகுதியில் உணவக வருமானத்தை ஆராய்ந்தபோது, ஒரு இருக்கை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஈட்டுகிறது என்பதை அளவுகோலாக முன்வைத்தார். அன்றிலிருந்து பெரிய உணவகங்களின் மேலாளர்கள் பலரும் ஹாலை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஹாலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு சர்வரிடம் கொடுத்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஐந்து மேசைகளும் ஒரே நேரத்தில் நிரம்பினால் அந்த ஒருவர் திண்டாடுவார், பக்கத்துப் பகுதிக்காரர் சும்மா நிற்பார். அதனால் வருகிறவர்களைச் சுற்று முறையில் பகுதிக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். விடுப்பில் இருக்கும் சர்வரின் பகுதியை மூடியே வைத்திருப்பதும் உண்டு. உங்கள் கண்ணுக்கு அது காலி மேசை. அங்கே உட்கார்ந்தால் தண்ணீர் வைக்கக்கூட ஆள் வரமாட்டார். சமையலறையும் இதில் அடக்கம்: ஐந்து நிமிடத்துக்குள் ஆறு மேசைகளை நிரப்பினால் ஆறு ஆர்டர்களும் ஒன்றாக அடுப்பில் வந்து விழும், ஆறு பேருக்கும் தாமதம் ஆகும். இருபது நிமிடத்தில் வரவேண்டிய முன்பதிவுக்காக ஒதுக்கிய மேசை, பெரிய குழு வந்தால் இணைத்துப் போடுவதற்காக விட்டுவைத்த இரண்டு சிறு மேசைகள் என்று வேறு காரணங்களும் உண்டு.

இத்தனையும் கூட்ட நேரத்துக்குத்தான் பொருந்தும். மதிய நெரிசல் முடிந்து ஹால் பாதி காலியாகி, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு முன்பதிவும் இல்லை என்றால் ‘நால்வர் மேசை’ என்ற சட்டத்துக்கு உயிரே இல்லை. அந்த நேரத்தில் ஜன்னலோரத்தில் ஒருவர் அமர்ந்திருப்பது உணவகத்துக்கே நல்லது. வெளியே நடந்து போகிறவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியும். நல்ல மேலாளர்கள் இதை அறிந்து முதலில் ஜன்னலோரத்தை நிரப்பச் சொல்வார்கள். ஊழியர் ஒருவர் யோசிக்காமல் பழக்கத்தின்படி உங்களை மூலைக்கு அனுப்பினால், நீங்கள் பணிந்துபோக வேண்டிய தேவை இல்லை.

தனியாக வருகிறவரை ‘ஒரு பில்தானே’ என்று தாழ்வாக நினைக்கும் மனப்பான்மை இந்தத் தொழிலில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அது கணக்குப்படியும் தவறு. தனியாக வருகிறவர் பொதுவாக நீண்ட நேரம் பேசிக்கொண்டு உட்காருவதில்லை. பிடித்துப்போனால் அடிக்கடி வருவார்.

நல்ல இடம் வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தில் வீம்பு எதுவும் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: தன்னை மறைத்துக்கொண்டு சுற்றிலும் பார்க்க முடிகிற இடத்தில் மனிதர் இயல்பாகவே நிம்மதி கொள்கிறார். முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே திறந்த ஹால் என்று அமைந்த மேசைகள் முதலில் நிரம்புவதற்கு அதுவே நல்ல விளக்கம். முதுகுப் பக்கம் ஓயாமல் ஆட்கள் கடந்து போகும் நடைபாதை மேசையில், அதுவும் தனியாக, யாருக்குமே சாப்பாடு நிம்மதியாக இறங்காது.

இனி கேட்கும் முறை. வாசலில் வரவேற்பவரிடமே, நடக்கத் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். மேசைக்குப் போய், மெனுவும் தண்ணீரும் வந்தபிறகு கேட்டால் அவர்கள் ஒரு வேலையைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மறுப்பு வருவதில் பாதி இதனால்தான். “அந்த ஜன்னலோர மேசை கிடைக்குமா? முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவேன்” என்று காலத்தையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய கவலையே அந்த மேசை எவ்வளவு நேரம் சிக்கிக்கொள்ளும் என்பதுதான்; அதற்கு நீங்களே பதில் கொடுத்துவிடுகிறீர்கள். சொன்னால் சொன்னபடி எழுந்துவிடுங்கள். மறுத்தால், “முன்பதிவா? எத்தனை மணிக்கு வருகிறார்கள்?” என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். உண்மையான காரணம் இருந்தால் உடனே பதில் வரும். காரணம் இல்லாவிட்டால் ஊழியர் தயங்குவார், பெரும்பாலும் அந்த மேசையையே கொடுத்துவிடுவார். “இது காலியாகும்வரை காத்திருக்கிறேன்” என்பதும் நல்ல வழி. கூட்டம் இருந்தாலும் இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

நீங்களாகவே எழுந்து போய் வேறு மேசையில் உட்காருவதை மட்டும் செய்யாதீர்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆர்டர் உங்கள் பெயரில் சமையலறைக்குப் போவதில்லை, மேசை எண்ணில் போகிறது. ஏழாம் மேசையில் ஆர்டர் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டுக்கு மாறினால், உங்கள் தட்டு ஏழாம் மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்தவர் முன்னால் போய் நிற்கும். பில் குழம்பினால் சரிசெய்துவிடலாம். ஒவ்வாமை இருப்பதாக நீங்கள் சொல்லிவைத்த எச்சரிக்கையும் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஆபத்து. மாற வேண்டுமென்றால் சர்வரிடம் சொல்லி, ஆர்டரும் எச்சரிக்கையும் புதிய எண்ணுக்கு மாற்றப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அப்பா விஷயம் முற்றிலும் வேறு. அங்கே நீங்கள் கேட்பது தேவை, விருப்பம் அல்ல. அதைத் தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்: “காது மந்தமான பெரியவர் வருகிறார். ஒலிபெருக்கிக்கும் சமையலறைக் கதவுக்கும் தள்ளி, சுவரை ஒட்டிய மேசை வேண்டும்.” ‘அமைதியான இடம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ஊழியருக்கு அமைதியாகத் தெரிவது அப்பாவுக்கு அப்படி இருக்காது. சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் பேச்சிரைச்சல் குறையும். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரில் உட்காருங்கள். காது மந்தமானவர்கள் உதட்டசைவையும் சேர்த்தே பேச்சைப் பிடிக்கிறார்கள். வட்ட மேசை கிடைத்தால் இன்னும் நல்லது, எல்லோர் முகமும் தெரியும். வேண்டுகோளைக் குறித்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். கூட்டம் சேரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது, இதையெல்லாம்விட அதிகப் பலன் தரும்.

பல நாடுகளில் இத்தகைய தேவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்யும்படி சேவை தருவோரைக் கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்க அணுகல் விதிகளின்படி உணவகத்தின் உட்காரும் இடங்களில் குறைந்தது 5 சதவீதம் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும்.

மேசைக் கொள்கை என்ற பெயரில் உணவகம் எதையும் செய்துவிட முடியாது, அதற்கும் ஓர் எல்லை உண்டு. எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள், முன்பதிவு உண்டா என்பவற்றைப் பார்த்து இடம் ஒதுக்குவது நிர்வாகம். நீங்கள் யார் என்று பார்த்து ஒதுக்குவது பாகுபாடு. 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் நால்வர், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். 1964இல் அங்கே வந்த குடிமை உரிமைகள் சட்டம் உணவகங்களில் இனம், நிறம், மதம், பூர்வீகம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்தது. இந்திய அரசியல் சாசனத்தின் 15(2)ஆம் பிரிவும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பொது உணவகங்களில் யாரையும் தடுக்கவோ நிபந்தனை விதிக்கவோ கூடாது என்கிறது. சட்டம் தெளிவாகப் பெயர் சொல்லாத ஒதுக்கல்களும் இருக்கின்றன. 2013இல், பாரிஸின் ஆடம்பர உணவகங்கள் சிலவற்றில் அழகானவர்களை எல்லோர் கண்ணிலும் படும் மேசைகளிலும் மற்றவர்களை உள்ளே தள்ளியும் உட்கார வைக்கச் சொன்னதாக முன்னாள் ஊழியர்கள் பிரெஞ்சு வார இதழ் ஒன்றிடம் தெரிவித்தார்கள். எந்தச் சட்டப் பிரிவில் அடங்கினாலும் அடங்காவிட்டாலும், இது மனிதரை அவமதிப்பதுதான்.

கிடைத்த இடம் பிடிக்காவிட்டால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு நன்றி சொல்லி எழுந்து வந்துவிடலாம். எந்தக் கடனும் இல்லை. குறிப்பிட்ட மேசைக்குக் குறைந்தபட்சச் செலவோ கூடுதல் கட்டணமோ இருந்தால் அதை உட்காருவதற்கு முன்பே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். பில்லில் முதல்முறையாகப் பார்த்தால் மேலாளரை அழைத்துக் கேளுங்கள். இடம் ஒதுக்கியதில் பாகுபாடு இருந்ததாகத் தோன்றினால், அன்றைக்கே நாள், நேரம், அப்போது காலியாக இருந்த மேசைகள், உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம், உங்களுக்குப் பிறகு வந்து அந்த மேசையைப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதை எழுதிவைத்து, உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கடைசியாகச் சொன்ன விவரத்தை விட்டுவிடாதீர்கள். ‘நான்கு பேருக்கானது’ என்று உங்களுக்கு மறுத்த மேசையில் பத்து நிமிடத்தில் இன்னொருவர் தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்தால், சொன்ன காரணம் பொய் என்பதற்கு அதுவே சான்று.