எட்டு வயது மகள் பிரதான வீதியைத் தனியே கடக்கலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகள் தரம் 3இல் படிக்கிறாள். அவளது பாடசாலை மட்டக்களப்பு – கல்முனை பிரதான வீதிக்கு மறுபக்கம், வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கைக்குழந்தை இருப்பதால் தினமும் என்னால் கூட்டிச் செல்ல முடியவில்லை. தெரிந்த ஒருவர் ஆட்டோ ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்லி மூன்று மாத முற்பணம் கேட்கிறார். மகளைப் பழக்கித் தனியே அனுப்புவதா, ஆட்டோவில் விடுவதா?

பதில்: சகோதரி, பிரதான வீதியைக் கடக்கும் அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற வழி முழுவதையும் உங்கள் மகள் பழகிக்கொள்ளலாம். கடக்கும் இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்காவது ஒரு பெரியவரின் கை வேண்டும். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், வருகின்ற வாகனம் என்ன வேகத்தில் நெருங்குகிறது என்று கணிக்கும் திறன் ஒன்பது, பத்து வயதுக்கு முன் பெரும்பாலும் முதிர்வதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடும். புத்தகப்பை சுமந்த பிள்ளை ஏழு மீற்றர் அகல வீதியைக் கடக்க ஆறேழு செக்கன் எடுத்தால், தூரத்தில் தெரிந்த டிப்பர் அதற்குள் ஏறக்குறைய 90 மீற்றர் நெருங்கிவிடும்.

படலையில் நின்று “கவனமாகப் போ” என்று சொல்லி அனுப்புவது பழக்குதல் ஆகாது. ஞாயிறு மாலை வெறிச்சோடிய வீதியில் அல்ல, காலை ஏழு மணி நெரிசலில், அவள் போகும் அதே வழியில், நீங்களோ வீட்டில் உள்ள வேறொரு பெரியவரோ சில வாரங்கள் கூட நடக்க வேண்டும். முதலில் நீங்கள் சொல்லிக்கொண்டு நடவுங்கள். பிறகு எங்கே நிற்க வேண்டும், எந்த ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிள் திடீரென வரும் என்பதை அவளே உங்களுக்குச் சொல்லட்டும்.

நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால், நடைபாதை இல்லாத இடத்தில் பிள்ளை வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். மாரி காலத்தில், அதாவது கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் தேங்கும் நாட்களில், இந்த விதியை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. வீதியோர வடிகான்களின் மூடிகள் பல இடங்களில் உடைந்தோ காணாமலோ கிடக்கின்றன. தண்ணீர் நிரம்பினால் வீதி எது, வடிகான் எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. லொறி தெறிக்கும் சேற்றுக்கு விலகி ஓர் அடி வைத்த பிள்ளை நேராக அதற்குள் விழக்கூடும். அதற்காக இடது ஓரத்துக்கு மாற்றினால் வாகனங்கள் முதுகுப்பக்கமாக வரும், அதுவும் ஆபத்து. ஆகவே அத்தகைய நாளில், சுற்று வழியானாலும் உள் வீதியால் பெரியவர் ஒருவர் கூட்டிச் செல்ல வேண்டும். அதற்கும் ஆள் இல்லையென்றால் அன்று பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம். தவறிய பாடத்தை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.

இனி அந்த ஆட்டோ விடயம். பணம் வாங்க வருபவர் ஒருவர், வாகனம் ஓட்டுபவர் வேறொருவர் என்றால் அந்த ஒழுங்கில் சேராதீர்கள். இவ்வாறான இடைத்தரகர்கள் முதல் வாரம் நல்ல வாகனத்தைக் காட்டுவார்கள். மாதம் முடிவதற்குள் வேறு ஆட்டோ, வேறு சாரதி, பின் இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக எட்டுப் பிள்ளைகள் என்று வந்து நிற்கும். கேட்டால், முற்பணம் அவர் கையில் இருப்பதால் உங்கள் சொல் எடுபடாது. சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் வாங்கி, படத்தில் உள்ள முகமும் ஓட்டுபவரின் முகமும் ஒன்றா என்று பாருங்கள். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று கூச்சப்பட வேண்டாம். காட்ட மறுப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவே கூடாது. ஒரு நாள் காலையில் பாடசாலை வாசலில் நின்று எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். எந்தப் பக்கம் இறக்குகிறார் என்பதையும் பாருங்கள்: வீதியின் மறுபக்கத்தில் இறக்கி, வாகனத்தின் முன்னால் ஓடிக் கடக்கவிடும் சாரதிக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. நின்ற வாகனத்தின் மறைவிலிருந்து வெளிப்படும் பிள்ளையைப் பின்னால் முந்திவரும் பஸ் சாரதி காணவே மாட்டார். உங்கள் மகள் எந்த வாகனத்தில் இருந்து இறங்கினாலும், அது புறப்பட்டுப் போகும்வரை ஓரத்தில் நிற்கப் பழக வேண்டும்.

உங்கள் தொலைபேசி இலக்கத்தையும், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்தையும் அவள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். யார் “அம்மா வரச் சொன்னா” என்று அழைத்தாலும், நீங்கள் முன்கூட்டியே சொல்லாத ஆளுடன் அவள் ஏறக் கூடாது.

இவ்வளவையும் ஒரு தாயின் தலையில் கட்டுவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமில்லை. பாடசாலை வாசலில் அழிந்துபோன பாதசாரிக் கடவைக்கு மீண்டும் பூச்சுப் பூசும்படி ஒரு முறை நான் எழுதிய கடிதம் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. ஒவ்வோரிடத்திலும் “இது எங்கள் பொறுப்பில்லை” என்றார்கள். பிள்ளைகள் தினமும் கடக்கும் இடத்தில் நான்கு கோடுகள் கீற மாதக்கணக்கில் அலைய வேண்டியிருப்பது வெட்கக்கேடு. எனினும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பெற்றோர் பலர் கையெழுத்திட்டுக் கேளுங்கள். தனி ஒருவரின் கடிதத்தைப் போல அதை எளிதில் ஒதுக்க முடியாது.

அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் உங்கள் ஒழுங்கையில் வசிக்கும் பெற்றோரையும் கண்டு பேசுங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் வாரத்தில் ஒரு நாள்தான் உங்கள் முறை வரும். மற்ற நாட்களில் வேறொரு தாயோ தந்தையோ எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்திச் சென்று வீதியைக் கடத்திவிடுவார். அந்த ஒழுங்கு கைகூடும்வரை ஆட்டோ அவசியம் என்றால், மேலே சொன்னவற்றைப் பார்த்து, ஓட்டுபவரிடமே நேரடியாகப் பேசி, மாதம் முடிந்த பின் பணம் கொடுங்கள். மூன்று மாத முற்பணம் வேண்டாம்.