மடி இல்லாத பிராணி குஞ்சுக்கு என்ன கொடுக்கும்?

ஆடு மாடு மாதிரி மடி இல்லாத பிராணிங்க பால் மாதிரி ஏதாச்சும் கொடுக்குமான்னு கேட்டிருக்கீங்க. கொடுக்கும்ங்க, நம்ம தோட்டத்துக் கோயில் கூரையில உக்காந்திருக்கிற புறாவையே எடுத்துக்கோங்க, அதோட தீனிப்பை உள்சுவர் செல்லுங்க கொழுப்பும் புரதமும் நெறஞ்சு கட்டித் தயிர் மாதிரி உதிரும், அதைத்தான் கக்கி குஞ்சு வாயில விடும், முதல் சில நாளு வேற சாப்பாடே கெடையாது, இதுல அப்பன் புறாவும் கொடுக்கும்.

டவுன்ல மீன் கடைப் பக்கம் போனா டிஸ்கஸ் மீன் பாத்திருப்பீங்க, சொந்த ஊரு அமேசான் ஆறு. குஞ்சு பொரிச்சதும் தாய் தகப்பன் ரெண்டு பேரு ஒடம்புலயும் வழவழப்பு கூடும், குஞ்சுங்க பொடிப் பொடியா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு அதைக் கொறிக்கும். ஒண்ணு சலிச்சுப்போனா வெடுக்குன்னு ஒரு ஒதறு ஒதறிட்டு நகந்துக்கும், குஞ்சுக் கூட்டம் அப்படியே இன்னொண்ணு மேல போய் ஒட்டிக்கும். ஷிஃப்ட் வேலைதான் போங்க.

எனக்கு ரொம்ப ஆச்சரியம் கென்யாவுல தைத்தா மலையில இருக்கிற ஒரு காலில்லாத பிராணிதான், தவளையில்ல, தவளைக்குத் தூரத்துச் சொந்தம், பாக்க மண்புழு மாதிரியே இருக்கும். தாயோட மேல்தோல் கொழுப்பு ஏறி தடிச்சுப்போகும், குட்டிங்க அதுக்குன்னே இருக்கிற பல்லால தோலை உரிச்சு உரிச்சுத் திங்கும், தாய் பேசாம கெடக்கும், தோல் திரும்ப வளரும். 2006-லதான் இது வெளிய தெரிஞ்சது.

கங்காருக்கு மடி இருக்கு, ஆனா அதுவும் லேசுப்பட்டதில்ல, பெரிய குட்டிக்கு ஒரு காம்புல ஒரு வகைப் பாலும், அப்பத்தான் பொறந்ததுக்கு இன்னொரு காம்புல வேற வகைப் பாலும் ஒரே நேரத்துல சுரக்கும்.