மூத்த தமிழாசிரியர்களுக்கு டிஜிட்டல் திறன்: பட்டறையில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி இதுதான்: கேட்டவர் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். வேலைக்கு வந்து சில ஆண்டுகள்தான். "நீதான் சின்னப் பையன், கம்ப்யூட்டர் தெரியும்" என்று சொல்லி, தாய்மொழித் துறைக்கு ஒரு மணி நேரப் பட்டறை நடத்தும் பொறுப்பைத் துறைத்தலைவர் அவர் தலையில் கட்டிவிட்டார். உட்காரப்போகிறவர்கள் அவரைவிட இருபது இருபத்தைந்து வயது மூத்தவர்கள். எந்தெந்தச் செயலிகளைக் காட்டலாம் என்று ஒரு பட்டியல் கேட்கிறார்.

நானும் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவன்தான். எங்கள் துறையில் இந்த வேலை ரொம்ப நாளாக என்னிடம் இருக்கிறது. பட்டியல் தரப்போவதில்லை. பத்துச் செயலிகளை ஒரு மணி நேரத்தில் காட்டினால் எல்லாரும் "நல்லா இருக்கே" என்பார்கள், பன்னும் தே தாரேக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றும் மாறியிருக்காது. அந்த மாதிரிப் பட்டறைகளில் நானே கடைசி வரிசையில் உட்கார்ந்து கட்டுரை திருத்தியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 8ஆம் தேதி, கொவிட் பரவலைத் தடுக்க விதித்த கிருமி முறியடிப்புக் காலத்தில், எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அந்த வாரம் காணொளியில் பாடம் எடுத்தவர்கள் யார்? இப்போது உங்கள் பட்டறைக்கு வரப்போகிற இதே ஆசிரியர்கள்தான். திரையைப் பகிர்வது, ஒலியை அடைப்பது, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான எஸ்எல்எஸ்ஸில் பாடம் ஏற்றுவது என்று எல்லாவற்றையும் சில நாளில் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை வகுப்பு இருந்தது, அதனால் கற்றார்கள். அவர்களுக்குக் கற்கும் திறன் இல்லை என்ற எண்ணம் துறைத்தலைவருக்கு இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். மறுநாள் வகுப்புக்கு உதவாத எதையும் அவர்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். நீங்களும் நானும்கூட அப்படித்தான்.

ஆகவே பட்டறைக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், "அடுத்த வாரம் என்ன பாடம் எடுக்கிறீங்க? அதில் எது உங்களுக்கு இழுபறியா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். வருகிற பதில் பெரும்பாலும் செயலியைப் பற்றியே இருக்காது. எங்கள் துறையில் முக்கால்வாசிப் பேர் சொன்னது தட்டச்சு.

இதை ஆங்கிலம், கணிதம் எடுப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். அவர்கள் மடிக்கணினியைத் திறந்தால் நேராக வேலை. நமக்கு அதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது. விசைப்பலகையை மாற்ற வேண்டும், எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், ஏதோ ஒரு பெட்டியில் மட்டும் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் வந்து நிற்கும். இந்த எரிச்சலில்தான் பலர் தாளுக்கே திரும்புகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதைத் 'தொழில்நுட்பப் பயம்' என்று எழுதிவைக்கிறார்கள்.

மாணவர் பக்கமும் இதே கதைதான். உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்ற இலக்கு முதலில் 2028க்கு வைக்கப்பட்டிருந்தது. கொவிட் வந்ததும் அதை 2021க்கே கொண்டுவந்துவிட்டார்கள். எந்தச் சாதனம் என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. ஒரு பள்ளியில் ஐபேட், அடுத்த பள்ளியில் குரோம்புக், இன்னொன்றில் விண்டோஸ். மூன்றிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அதைத் திறக்கும் வழி மூன்றிலும் வேறுவேறு. மாணவன் "சார், தமிழ் வரல" என்றால் அந்தச் சாதனத்தில் எங்கே தொட வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடத்தின் முதல் கால்மணி நேரம் அதிலேயே கரையும்.

என் பரிந்துரை தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்திய விசைப்பலகை அமைப்பு. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஒரு சொல்லைத் தட்டிக் காட்டினாலே போதும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. நகரத்துக்குப் பின்னால் தகரம் வந்தால் புள்ளி வைத்துக்கொள்ள அதற்கே தெரியும். இதைப் பார்த்ததும் இலக்கணம் எடுக்கிற ஆசிரியர்களின் முகம் மாறும். மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினம் வருவதைத்தானே வகுப்பில் கத்திக் கத்திச் சொல்கிறோம்! ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கிற முறையும் இருக்கிறது, பழகியவர்கள் அதிலேயே தொடரட்டும், சண்டை வேண்டாம். மாணவர்களுக்கு மட்டும் நான் தமிழ்99தான் சொல்வேன். ஏற்கெனவே ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுகிற பிள்ளைகள், விரலிலும் ஆங்கிலம் வேண்டுமா?

அடுத்த இடைஞ்சல் பழைய கோப்புகள். இதை யாரும் பட்டறையில் சேர்ப்பதில்லை. நான் இதைத்தான் முதலில் சேர்ப்பேன்.

எங்கள் துறையில் ஓர் அக்கா, ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருந்தன. பை நிறையப் பயிற்சித்தாள், யுஎஸ்பி நிறையக் கருத்தறிதல் பகுதிகள். புது மடிக்கணினியில் ஒரு கோப்பைத் திறந்தார். தலைப்பு முதல் கடைசிக் கேள்வி வரைக்கும் மேலே கோடும் கீழே வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக, ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. "தம்பி, இத்தனை வருஷ உழைப்பும் போச்சா?" என்றார். நான் செயலி காட்டப் போயிருந்தவன், அதை மூடிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போகவில்லை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் லத்தீன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குடியிருந்தவர் வெளியேற, வீட்டுக்காரர் முகம் தெரிகிறது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கும் பொதுக் குறியாக்க முறையான யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பழையதை யூனிகோடுக்கு மாற்றிக்கொடுக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாம், டாப், டிஸ்கி என்று சில உண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒன்றில் தமிழ் தெளியும். மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும். பழைய முறைகள் பலவற்றில் 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது தமிழ் உடைந்து வருவதும் இந்த மாதிரி வரிசைக் குழப்பத்தால்தான் பெரும்பாலும்.

அன்றைக்கு ஒரு கருத்தறிதல் பகுதி தமிழாக மாறி வந்ததும் அக்காவுக்கு வந்த தெம்பைப் பார்க்க வேண்டுமே! அடுத்த வாரம் அவரே பகுதி பகுதியாக எஸ்எல்எஸ்ஸில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். யாரும் அவருக்குப் 'புத்தாக்கக் கற்பித்தல்' பற்றி உரை நிகழ்த்தவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழாசிரியர் என்றாலே கணினியில் பின்தங்கியவர் என்று நம் ஆள்களே கேலி பேசுவதுண்டு. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1995இலேயே சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறியது அவரது முயற்சியால். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்ததற்கும் அவர்தான் முக்கியக் காரணம். 1999இல் மறைந்துவிட்டார். உங்கள் பட்டறைக்கு வருகிற மூத்தவர்களில் அவரிடம் படித்தவர்கள் இருந்தாலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

சரி, தட்டச்சு ஓரளவு தேறிவிட்டது. அப்புறம்? ஒரே ஒரு பாடம், அதில் ஒரே ஒரு வேலை. நான் எப்போதும் வாய்மொழியில் தொடங்குகிறேன். நம் தேர்வுகளில் காணொளியைப் பார்த்துவிட்டு உரையாடும் பகுதி இருக்கிறது. வகுப்பில் பயிற்சி கொடுத்தால் வாயாடும் இரண்டு பிள்ளைகள் பேசுவார்கள், மீதிப் பேர் மேசையைப் பார்ப்பார்கள். எஸ்எல்எஸ்ஸில் ஒரு காணொளியும் ஒரு கேள்வியும் வைத்து, பதிலைக் குரலாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேசாத பிள்ளை தன் குரலைத் தானே கேட்டு, பிடிக்காமல் அழித்து, மறுபடி பேசி அனுப்பும். அந்த 'மறுபடி'தான் நமக்கு வேண்டிய பயிற்சி. ஆசிரியருக்கும் ஒரு வசதி, எல்லாருடைய குரலும் கையில் இருக்கும், வீட்டில் நிதானமாகக் கேட்கலாம்.

இதைச் செய்யும்போது வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கே அழுத்துவது என்பது உங்கள் பங்கு. என்ன கேட்பது என்பது அவர்கள் பங்கு. ஒரு மூத்த ஆசிரியரிடம் காணொளியைக் காட்டி "இதற்கு என்ன கேள்வி வைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். 'காணொளியில் என்ன பார்த்தாய்?' என்று நான் வைத்திருந்ததை எடுத்துவிட்டு, 'அந்தப் பெரியவருக்கு நீ இடம் கொடுத்திருப்பாயா? உன் நண்பன் கொடுக்காவிட்டால் அவனிடம் என்ன சொல்வாய்?' என்று ஒருவர் போட்டார். வகுப்பே பேசியது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் சேர வேண்டும் என்று 2006இல் மிஸ்ரா, கோலர் என்ற இருவர் வட்டங்கள் போட்டு விளக்கியது ஆசிரியர் பயிற்சியில் பிரபலம். அந்தப் படத்தைத் தயவுசெய்து பட்டறையில் காட்டாதீர்கள். மூன்றில் இரண்டு வட்டம் அவர்களிடம் உங்களைவிட நிறைய இருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இன்னொன்று, மௌஸைப் பிடுங்காதீர்கள். கை துறுதுறுக்கும், எனக்கும்தான். நீங்கள் மூன்று நொடியில் செய்துவிட்டு "அவ்வளவுதான்கா" என்றால் அவர் பார்த்தது உங்கள் வேகத்தைத்தான். விரலால் திரையைக் காட்டுங்கள், அவர் கையே அழுத்தட்டும், தப்பான இடத்தில் அழுத்தினாலும் திரும்பி வரும் வழியை அவரே தேடட்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். பாடம் வடிவமைக்க உதவும் வசதி எஸ்எல்எஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. வெளிக் கருவிகளில் மாணவர் பெயரையோ அவர்கள் எழுதிய கட்டுரையையோ ஒட்டக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி, எழுதித் தரும் தமிழை அப்படியே தாளில் போட முடியாது. இங்கே தெம்பனிஸில் வளரும் பிள்ளைக்கு எழுதச் சொன்ன கதையில் தமிழ்நாட்டு ஆட்டோ ஓடும், தாசில்தார் வருவார். அதைத் திருத்தும் கண் மூத்தவர்களுக்கு உண்டு, ஆகவே இந்தக் கருவியை அவர்கள் கையில் கொடுக்க நான் பயப்படுவதே இல்லை. தட்டச்சு சுத்தமாக வராதவர்களுக்குக் கூகள் டாக்ஸின் குரல் தட்டச்சைக் காட்டுங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் (சிங்கப்பூர்) என்றே ஒன்று இருக்கிறது. நிறுத்தக்குறி போடாது, ஒற்று விடும். முதல் வரைவுக்குத் தாராளமாகப் போதும்.

நேரம்தான் உண்மையான தட்டுப்பாடு. ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சிக்கு நமக்கு உரிமை உண்டு என்பது தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் இணைப்பாட நடவடிக்கை, பெற்றோர் அழைப்பு, திருத்தல் எல்லாம் போக உட்கார்ந்து பழக எங்கே இடம்? துறைத்தலைவரிடம் அந்த ஒரு மணி நேரத்தை உடைத்து, துறைக் கூட்டங்களின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடமாகத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகளில் தமிழுக்கு இரண்டு மூன்று பேர்தான், அப்படியானால் பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம்தான் என்று பிடிவாதம் பிடித்தால், எல்லாரையும் அடுத்த வாரப் பாடத்தோடும் பழைய யுஎஸ்பியோடும் வரச் சொல்லுங்கள். முதல் பாதி தட்டச்சும் கோப்பு மாற்றமும், மறு பாதி குரல் பதிவுக் கேள்வி ஒன்று. அவரவர் வகுப்புக்கு அனுப்பத் தயாராக அந்தக் கேள்வி எஸ்எல்எஸ்ஸில் ஏறிய பிறகு கலையுங்கள். மறுநாள் யாராவது "தம்பி, பிள்ளைங்களுக்கு மைக் வேலை செய்யல" என்று கூப்பிடுவார்கள். உலாவியில் ஒலிவாங்கிக்கு அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள், பெரும்பாலும் அதுதான் காரணம்.

உங்கள் பள்ளியில் ஐபேடா குரோம்புக்கா என்று கீழே சொல்லுங்கள். தமிழ்99ஐத் திறக்கும் வழியைப் படிப்படியாக எழுதித் தருகிறேன், அச்சடித்து மேசையில் ஒட்டிவிடலாம்.