கூட்டமர்வில் மனைவி பேசாமலே இருந்தால்

நீங்கள் நடத்தும் குடும்பச் சமரசப் பேச்சில், இருவரையும் ஒன்றாக அமர்த்தும் கூட்டமர்வில், கணவர் பேசத் தொடங்கியதும் மனைவி “அவர் சொல்வதுதான்” என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டமர்வை அங்கேயே நிறுத்திவிட்டு, இருவரையும் தனித்தனியே, ஏறத்தாழ சம நேரம் சந்தியுங்கள்.

அந்த மௌனம் சம்மதமாக இல்லாமல் அச்சமாக இருக்கலாம். என் அமர்வு ஒன்றில் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு பெண், கணவர் வெளியே சென்ற பிறகுதான் மகளின் பள்ளிக் கட்டணம் கட்டப்படாமல் இருப்பதைச் சொன்னார்.

மனைவி ஒப்புக்கொண்டதாகக் கூறுவதை அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்; அவரால் இயலாவிட்டால் உடன்பாட்டை எழுதாதீர்கள்.

ஆனால், தனியே சந்திக்கும்போது, சொல்வது எதுவும் வெளியே போகாது என்று முழு உறுதி அளித்துவிடாதீர்கள். குடும்ப வன்முறை, குழந்தை வதை பற்றிய தகவல்களை இந்தியாவின் 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டமே ரகசியக் காப்பிலிருந்து விலக்கியிருக்கிறது; அடி, மிரட்டல் தெரியவந்தால் இருவரையும் மீண்டும் ஒரே மேசையில் அமர்த்தாதீர்கள்.